கண்டிப் பக்கம் வீடு பார்க்கப் போனேன்

ஓவியா, சரவணா, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஓவியா வாசிக்கட்டும், சரவணன் கேட்கட்டும். நடுவில் சண்டை வந்தால் அம்மாவிடம் ஓடாமல் நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரை படித்தவன். சட்டை அளவு எழுதுவதைத் தவிர இவ்வளவு நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் ஓவியா திருத்தலாம், ஆனால் அதற்குச் சிரிக்கக் கூடாது. சிரிக்க வேண்டிய இடம் பின்னால் தனியாக வருகிறது.

நான் எதற்குப் போனேன் என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். இலங்கையில் பேராதனை என்ற ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், மிளகுக் கொடிக்கு வரும் வாடல் நோயைப் பற்றி மூன்று வருடம் ஆராய்ச்சி செய்ய அம்மாவுக்கு இடம் கிடைத்தது. நாம் எல்லோரும் கை தட்டினோம், அல்வா வாங்கினோம். அந்த இராத்திரி நீங்கள் தூங்கிய பிறகு அம்மா சொன்னது மீதிப் பாதி. "என்னங்க, பிள்ளைங்க இருக்கிற மாதிரி ஒரு ஊரு, ஒரு வீடு கிடைச்சா நாலு பேரும் போவோம். இல்லேன்னா நான் மட்டும் போறேன். லீவுக்கு லீவு வந்துட்டுப் போறேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மடித்த துண்டையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் பதில் எழுத வேண்டும். அதற்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் நான் அங்கிருந்து போன் பண்ணி, நாலு பேரா, ஒருத்தியா என்று சொல்ல வேண்டும். தையல் கடையைச் சாத்திவிட்டு நான் கிளம்பியது அதற்குத்தான்.

கிளம்பும்போது ஓவியா கேட்டாள், "சைக்கிள் ஓட்ட மேடு இல்லாத ரோடா பாருங்கப்பா." சரவணன் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் மட்டும் கேட்டான், "ஜன்னல்ல இருந்து தெரு தெரியுமா?" ஏன் கேட்டான் என்று எனக்குத் தெரியும். இப்போது இருக்கும் வீட்டுக்கு நாம் வந்தபோது, ஒரு வாரம் போல ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். யார் யார், யார் பந்தை யார் எடுப்பார்கள் என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் இறங்கி விளையாடப் போனான். முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் பேச வேண்டும். அது அவன் வழி. அதில் தப்பொன்றும் இல்லை.

கண்டியில் இறங்கியதும் எனக்கு முதலில் உறைத்தது, அந்த ஊரில் சமதளம் என்பதே கிடையாது என்பதுதான். ஒரு வீட்டின் மொட்டைமாடியும் அடுத்த வீட்டின் வாசலும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. நடுவில் ஓர் அழகான ஏரி. அதைச் சுற்றி மட்டும்தான் தரை தரையாக இருக்கிறது, அங்கேயும் வண்டிகள் நகர்ந்தால்தானே! ஓவியாவின் சைக்கிளை இங்கே மேலே தள்ளத்தான் முடியும், ஓட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பசித்தது. ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டேன். டீயோடு ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பட்டிஸ், முட்டை வைத்த பணிஸ், வடை என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் அந்த ஆள். பணிஸ் என்றால் நம் பன். நான் கேட்கவில்லையே என்று யோசித்தேன். ஒருவேளை இங்கே டீ என்றால் இதெல்லாம் சேர்த்துத்தான் போலிருக்கிறது. தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த வாய் அல்லவா என்னுடையது? ஒன்று விடாமல் தின்று முடித்தேன். கடைசி வடையைத் தண்ணீர் குடித்துத்தான் இறக்கினேன். பரிமாறியவர் வெறும் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்லாவில் இருந்த பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "தம்பி, வேண்டியத எடுத்துச் சாப்பிட்டுட்டு மிச்சத்த அப்படியே வச்சிருக்கலாமே. சாப்பிட்டதுக்கு மட்டும்தான் காசு." இதுவரை யாருமே இங்கே தட்டைக் காலி செய்ததில்லையாம்.

அன்று நான் பார்த்த வீடு ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. சொந்தக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ஹாஜியார். "வாங்க தம்பி, கதிரையில ஒக்காருங்க. மேல ரெண்டு ரூம் ஈக்கி, தண்ணி நல்லா வரும்" என்று இஞ்சித் தேநீர் கொடுத்து உபசரித்தார். கதிரை என்றால் நாற்காலி, ஈக்கி என்றால் இருக்கு. மாடிக்கு ஏறினால் ஜன்னலைத் திறந்ததும் எதிர்க்கடைச் சுவர். கையை நீட்டினால் தொடலாம். "இதுல இருந்து தெரு தெரியாதா ஐயா?" என்றேன். அவர் எட்டிப் பார்த்து யோசித்தார். "தெருவுல என்னத்த தம்பி பாக்கப் போறீங்க? ஹோர்ன் சத்தம் கேக்கும். அத வச்சே என்ன நடக்குதுன்னு வெளங்கிக்கலாம்." நல்ல மனிதர். நானும் அவரும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் வீடு வேண்டாம் என்றேன்.

மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். தெரு முழுக்க வெள்ளை! எந்தப் பள்ளிக்கூடமானாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வெள்ளைச் சீருடைதான். சின்னப் பையன்களுக்குக் கால்சட்டை மட்டும் நீலம், பெண் பிள்ளைகளுக்குக் கழுத்துப் பட்டி மட்டும் பள்ளிக்கு ஒரு நிறம். நம் கடையில் மெரூன் கட்டம், பச்சைக் கோடு, சாம்பல் என்று எத்தனை துணியை அடுக்கி வைத்திருக்கிறேன்! பிறகு சரவணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாங்காய் தின்பதை நினைத்துப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் இன்னொரு வீடு பார்க்க, குட்ஷெட் பஸ் நிலையத்தில் பக்கத்து ஊரான பிலிமத்தலாவைக்குப் பஸ் ஏறினேன். முன் சீட்டு காலியாக இருந்தது. எல்லோரும் நின்றுகொண்டிருக்க அந்தச் சீட்டு மட்டும் ஏன் காலி என்று யோசிக்காமல் போய் உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு புத்த பிக்கு ஏறினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஓர் அக்கா, "அது சாமியாருக்கு வச்ச சீட்டுங்க, எந்திரிச்சு இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டார். எழுந்தேன். பிக்கு சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என்ன சொன்னார் என்று அக்காவைக் கேட்டேன். "சீட்ட சூடாக்கி வச்சதுக்குப் புண்ணியம்னு சொல்றாரு."

பிலிமத்தலாவையில் கொழும்பு ரோட்டு ஓரமாகவே வரிசையாகப் பித்தளை விளக்குக் கடைகள். வெயில் பட்டால் கண் கூசுகிறது. அங்கே பார்த்த வீடு பெரிய வீடு, பின்னால் பலாமரம், ஓட இடம். ஜன்னலைத் திறந்தால் தெரு தெரியும்; தெருவே லாரியோடு வீட்டுக்குள் வந்துவிடும் போலவும் இருக்கும். வீட்டுக்கார அம்மா சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்துக் கடைக்காரர் தமிழில் சொன்னார்: "தமிழ் ஸ்கூலுக்குப் பிள்ளைங்க பஸ் ஏறித்தான் போகணும். அவங்க மகளும் தினம் பஸ்லதான் போகுதாம். பழகிரும்னு சொல்றாங்க." அந்த அம்மாவே சொல்லி முடித்து ஒரு பெருமூச்சு விட்டார்கள். பழகவில்லை என்று தெரிந்தது.

ஆகவே பேராதனை.

ஓவியா, இதை மெதுவாக வாசி. பல்கலைக்கழகம் ஒரு காடு போல இருக்கிறது. ஆனால் யாரோ தினமும் தலைவாரிவிடும் காடு. உள்ளே பெரிய மரங்கள், மரத்தடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கும் மாணவர்கள். பக்கத்தில் மகாவலி ஆறு போகிறது. ஆற்றை ஒட்டி ஒரு ரோடு, நம் கடை மேசை போலச் சமமாக! சாயங்காலம் அதில் இரண்டு பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் கையை விட்டுவிட்டு ஓட்டினாள். நீ அதைச் செய்யக் கூடாது.

ஊரும் பிடித்துவிட்டது, ரோடும் பிடித்துவிட்டது. ஆனால் வீடு? கதவைத் தட்டிய இடத்திலெல்லாம் ஒரே கேள்வி, "எத்தனை கட்டில்?" அங்கே ஒவ்வொரு வீட்டையும் அறை அறையாகப் பிரித்து மாணவர்களுக்குக் கட்டில் கணக்கில் விடுகிறார்கள். அதற்குப் போர்டிங் என்று பெயர். "கட்டில் வேண்டாங்க, வீடு வேணும். நாங்க நாலு பேரு" என்றால், "சின்னப் பிள்ளைங்களா?" என்று கதவு பாதி சாத்திக்கொள்ளும். ஒரு வீட்டம்மா தெளிவாகவே சொன்னார்: "இங்க படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. சின்னப் பிள்ளைங்க வந்தா சத்தம் போடுவாங்க." படிப்புக்கென்றே இருக்கும் ஊரில், படிக்க ஆரம்பிக்கும் வயதில் இருக்கிறவர்களுக்கு இடமில்லை!

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை போல முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு வருவதில்லை. ஒரு ஆட்டோவில் ஏறினேன். அங்கே அதைத் த்ரீவீல் என்கிறார்கள். ஒரு பள்ளத்தில் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன்.

"அண்ணே, நீங்க தள்ளுற தள்ளுல கொழும்புக்கே போயிரலாம் போல!" என்று உள்ளிருந்து கத்தினார் ஓட்டியவர்.

"கொழும்பு வேண்டாம். ஒரு வீடு இருக்கிற இடமாப் பார்த்து நிறுத்துங்க" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.

அப்படித்தான் அந்தோணி அண்ணன் பழக்கமானார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து வண்டி ஓட்டுகிறவர். என்னை அண்ணே என்று அவர் கூப்பிட, அவரை அண்ணே என்று நான் கூப்பிட, யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை. கதையைக் கேட்டவர், "இன்னிக்கு நம்ம வீட்ல தங்குங்க. ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்று பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருக்கும் தன் தெருவுக்குக் கூட்டிப் போனார்.

அவர் மனைவி ஜெசிந்தா அக்கா ஆஸ்பத்திரியில் கிளார்க். வீட்டில் மாதா படம், அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. இடியப்பத்துக்கு மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் சொதியும், சிவக்க அரைத்த தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். நம் வீட்டில் இடியப்பத்துக்குச் சீனி போடுவோம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மகள் ஷெரின், ஓவியா வயதுதான், "ஐயையோ, காய்ச்சல் வந்தாத்தான் சீனி போட்டு சாப்பிடுவீங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

ஷெரின் தமிழில் படிக்கிறாள். தெருமுனையில் திரும்பி நடந்தால் அவளுடைய பள்ளிக்கூடம். அவளுடைய வெள்ளைச் சீருடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று அக்கா கவலைப்பட்டார். நான் பெட்டியின் அடியிலிருந்து என் கத்திரியை எடுத்தேன். அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதில் யாராவது காகிதம் வெட்டினால் நான் எப்படிக் கத்துவேன் என்பதும் தெரியும். மடித்துத் தைத்திருந்ததைப் பிரித்து இறக்கிக் கொடுத்தேன். "இங்கேயே வந்திருங்கண்ணே" என்றார் அக்கா. "ஸ்கூல்ல வெள்ளைத் துணி குடுப்பாங்க. தைக்கத்தான் ஆளத் தேடிக்கிட்டு அலையணும்." அதை அம்மாவும் விசா அலுவலகமும் முடிவு செய்யட்டும் என்றேன்.

மழை விட்டதும் அந்தோணி அண்ணன் அதே தெருவில் பச்சைக் கேட் போட்ட ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராஜேஸ்வரி டீச்சர் ஒரு பாதியில் இருக்கிறார். மற்றப் பாதி பூட்டிக் கிடக்கிறது. டீச்சர் கேட்டைத் திறக்கவே இல்லை.

"இல்லைத் தம்பி, நான் இனி ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன்" என்றார் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து. "முந்தி இருந்த பொடியள் ஒருநாள்கூடக் குப்பையைக் கொண்டுபோய் வைக்கேல்லை. மதிலோட குவிச்சு வச்சாங்கள். குரங்கு வந்து எல்லாத்தையும் இழுத்து, என்ரை கூரையில வச்சுத் திண்டுது! செடியளும் காடாக் கிடக்கு, வெட்ட ஆளில்லை. எனக்கு ஏலாது."

பொடியள் என்றால் பையன்கள், ஏலாது என்றால் முடியாது. நான் வாய் திறக்குமுன் உள்ளே போய்விட்டார். அன்று இராத்திரி படுத்துக்கொண்டு, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

பிள்ளைகளே, சிரிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். நல்ல தூக்கத்தில் இருக்கிறேன். தெருக்கோடியில் பாட்டுச் சத்தம். டிங் டிங் என்று பியானோ மெட்டு ஒலிபெருக்கியில் வருகிறது. நம் வீட்டில் அப்படிச் சத்தம் கேட்டால் என்ன நடக்கும்? "என்னங்க, வண்டி வந்துருச்சு, ஓடுங்க!" என்று அம்மா கத்துவாள். விட்டால் இரண்டு நாள் நாற்றம். எனக்குக் கண் திறக்குமுன் கால் எழுந்துவிட்டது. அடுப்படி வாசலில் இருந்த குப்பை வாளியைத் தூக்கினேன், கைலியை மடித்துக் கட்டினேன், ஓடினேன்.

வெளியே ஒரு த்ரீவீல் நின்றது. பின்பக்கக் கதவைத் தூக்கித் திறந்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். ஊர் ஒழுங்காக இருக்கிறதே, காலையிலேயே எல்லோரும் வந்துவிட்டார்களே என்று நினைத்தேன். ஒருவர் கையிலும் வாளி இல்லை என்பதை மட்டும் கவனிக்கவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க, இது மக்கும் குப்பை!" என்று சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கிக் கவிழ்க்கப் போனேன்.

"ஐயோ, எபா! எபா!" என்று வண்டிக்காரர் பாய்ந்து வந்து குறுக்கே நின்று கதவை அடித்துச் சாத்தினார். வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். அப்போதுதான் பார்த்தேன். கதவு கண்ணாடிக் கதவு. உள்ளே தட்டுத் தட்டாகப் பாண், அதாவது நம் பிரெட், சூடாக ஆவி அடிக்கிறது. மீன் வைத்த பணிஸ், சீனி தூவிய பணிஸ். சரவணா, முதலை மாதிரி நீளமாக வாயைத் திறந்துகொண்டு ஒரு பணிஸ்கூட இருந்தது! அதன் வாய்க்கு நேரே நேற்றைய மீன் முள்ளோடு நான் நின்றேன்.

அங்கே பாட்டுப் போட்டுக்கொண்டு வருவது பாண் வண்டி. குப்பை எடுக்க வரும் வண்டி ஒரு சத்தமும் போடாமல் வந்து போகுமாம்.

ஜெசிந்தா அக்கா வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். எழுந்திருக்க முடியவில்லை. அந்தோணி அண்ணன், "எங்கண்ணே போறீங்க? பாணுக்கு ஊறுகாயா கொண்டுபோறீங்க?" என்றார். ஷெரின் பள்ளிக்கூடத்தில் சொல்வதற்காக எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் சமன் மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "இவ்ளோ வருசமா பாண் விக்கிறாராம். பழைய பாண்னு சொன்னவங்க இருக்காங்களாம். குப்பைன்னு சொன்னது நீங்கதான் மொதல் ஆளாம்." சொல்லி முடித்ததும் சமனுக்கே தாங்கவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரு முதலைப் பணிஸைச் சும்மா கொடுத்துவிட்டு, பாட்டோடு அடுத்த வாசலுக்குப் போனார். ஒவ்வொரு வாசலிலும் பாட்டு நிற்கும், கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் வரும். கதை என்னைவிட வேகமாகத் தெருவைச் சுற்றியது.

நான் வாளியைக்கூட இன்னும் உள்ளே வைக்கவில்லை. கையில் ஒரு இறாத்தல், அதாவது ஒரு பவுண்டு, பாணோடு ராஜேஸ்வரி டீச்சர் வந்து நின்றார்.

"நீர்தானே குப்பை வாளியோட பாண்காரனிட்டை ஓடினது?"

"ஆமாங்க டீச்சர். எங்க ஊர்ல பாட்டு கேட்டா குப்பை வண்டிங்க."

"அப்ப உங்கடை ஊரில பாட்டுக் கேட்டா ஆம்பிளையள் குப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவினமோ?"

"நான் ஓடுவேங்க."

"நித்திரையால எழும்பியோ?"

"நித்திரையிலேயேங்க."

டீச்சர் அந்தோணி அண்ணன் பக்கம் திரும்பினார். "கேட்டியளே? நான் வருசக் கணக்காக் கத்தியும் அந்தப் பொடியள் ஒருத்தனும் வாளியைத் தொடேல்லை. இந்தத் தம்பி ஒருத்தரும் சொல்லாமலே தூக்கிக்கொண்டு ஓடுறார். இப்பிடி ஒரு ஆளுக்குக் குடுக்காமல் வேறை ஆருக்குக் குடுக்கிறது?" பிறகு என்னிடம், "பிள்ளையள் எத்தினை?"

"ரெண்டுங்க. சத்தம் போடுவாங்க" என்றேன். மறைக்க மனம் வரவில்லை.

"ஓம், போடட்டும். குரங்கு போடாத சத்தமே?" என்று மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

சாயங்காலம் வரை காத்திருக்காமல் அப்போதே போன் போட்டேன். "என்னங்க, கிடைச்சுச்சா?" என்று அம்மா கேட்டாள். "நாலு பேருன்னு எழுது" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எப்படிக் கிடைச்சுது?" என்றாள். "குப்பை போட்டுக் கிடைச்சுது" என்றேன். நான் வந்து சொல்லும்வரை அவள் நம்பவில்லை.

இனி நான் சொல்லப் போவது அம்மாவுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை, கிளம்புவதற்கு முன்னால் சாவியை எடுத்துக்கொண்டு தனியாக அந்த வீட்டுக்குப் போனேன். திரைச்சீலைக்கு அளவெடுக்கத்தான். காலி வீட்டில் என் செருப்புச் சத்தமே பெரிதாகக் கேட்டது. சின்ன அறைக்கு வந்தேன், உங்கள் அறை. ஜன்னலில் நின்று பார்த்தால் தெரு நன்றாகத் தெரிந்தது. அப்புறம்தான் தோன்றியது, பார்க்கப் போவது நான் இல்லையே. தரையில் மண்டி போட்டேன். சரவணன் உயரத்துக்கு வந்தால் தெரு இல்லை. ஜன்னலுக்கு வெளியே காடாக வளர்ந்த குரோட்டன்ஸ் செடிதான். வெறும் இலை.

வெட்டட்டுமா என்று டீச்சரிடம் கேட்டு வந்தேன். வீட்டில் அரிவாள் இல்லை. பெட்டியைத் திறந்து என் கத்திரியை எடுத்தேன். வெளியே போய் அந்தக் கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். கிளை தடியாக இருந்தது, கத்திரி கிறீச்சிட்டது, எனக்குப் பல் கூசியது. கொஞ்சம் வெட்டுவது, உள்ளே வந்து மண்டி போட்டுப் பார்ப்பது, திரும்ப வெளியே போவது. கடைசியாக மண்டி போட்டபோது ஷெரின் வீட்டு வாசல் தெரிந்தது, தெரு வளைவு தெரிந்தது. வளைவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் வண்டி திரும்பியது.

அது போய் மறையும்வரை அப்படியே இருந்தேன். பிறகு இலைகளைக் கூட்டி அள்ளிக் குப்பை வாளியில் போட்டு, கத்திரியில் ஒட்டியிருந்த செடிப் பாலைத் துடைத்து, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.